அருவியும் காலும் மில்லும்: பாபநாசம் – விக்கிரமசிங்கபுரப் பகுதியின் சொல்வழி வரலாறு

பொதியமலையில் தோன்றும் தாமிரபரணி, மலையைவிட்டு இறங்கிச் சமவெளியில் கால்வைக்கும் இடம் பாபநாசம். தஞ்சைப் பகுதியிலும் இப்பெயருடைய ஊர் உண்டு. ஈண்டுக் கருதப்படுவது திருநெல்வேலி மாவட்டத்து அம்பாசமுத்திரத்தை அடுத்துள்ள பாபநாசம் ஆகும். பாபநாசநாதரும் உலகம்மையும் கோயில் கொண்டுள்ள இவ்வூரும், இதனோடு ஒட்டி வளர்ந்த விக்கிரமசிங்கபுரமும், ஒரே நீரை வெவ்வேறு நோக்கில் பயன்கொண்ட மூன்று அமைப்புகளின் சந்திப்பில் உருவானவை. முதலாவது தீர்த்தம், இரண்டாவது அணையும் காலும், மூன்றாவது மில்.

ஊர் வரலாற்றைக் கல்வெட்டு, செப்பேடு, அரசு ஆவணம் ஆகியவற்றைக் கொண்டு எழுதுவதே பெருவழக்கு. இப்பகுதிக்கு அத்தகைய எழுத்துச் சான்றுகளுக்குக் குறைவில்லை. ஸ்டூவர்ட் தொகுத்த மாவட்டக் கையேடு 1879இல் வெளிவந்தது. ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல்லின் திருநெல்வேலி வரலாறு 1881இல் வெளிவந்தது. பேட் எழுதிய மாவட்ட விவரச்சுவடி 1917ஆம் ஆண்டைச் சேர்ந்தது. முதல் இரு நூல்களும் எழுதப்பட்டபோது பாபநாசத்தில் மில் இல்லை. மூன்றாவது நூல் எழுதப்பட்டபோது மில் தோன்றி ஒரு தலைமுறை கடந்திருந்தது. இடைப்பட்ட காலத்தில் நிகழ்ந்த மாற்றத்தை ஆவணங்கள் ஒருவகையில் கூறுகின்றன; மக்கள் வழங்கும் சொற்கள் வேறொரு வகையில் கூறுகின்றன. நீர் யாருடையது, அது எப்போது வரவேண்டும் என்னும் வழக்குகளில் எவர் எவருக்கு இடம்கொடுத்தனர் என்பதை அறியச் சொற்கள் பெரிதும் உதவுகின்றன.

தீர்த்தமும் அருவியும்

ஆற்றின் பெயரிலேயே வழக்குத் தொடங்குகிறது. பொருநை என்பது பழம்பெயர். சங்க நூல்களில் இப்பெயர் கொங்குநாட்டு ஆன்பொருநையையும் குறிப்பதால், பெயர் காணப்படும் இடமெல்லாம் நெல்லை ஆற்றையே சுட்டுவதாகக் கொள்வதற்கில்லை. தாமிரபரணி என்பது வடமொழி வழிப்பட்டது. தாமிரவருணி என்பது அதன் திரிபு. 'செம்பு நிறம்' என்னும் பொருள் தோன்றப் பிற்பகுதியை 'வருணம்' எனக் கருதியதால் இத்திரிபு நிலைபெற்றிருக்கலாம். அரசு ஆவணங்களிலும் இதழ்களிலும் இரு வடிவங்களும் இன்றும் ஒருங்கே வழங்குகின்றன.

மலையிலிருந்து இறங்கும் வழியில் ஆறு பல இடங்களில் வீழ்கிறது. அவ்விடங்களுள் பெருமை பெற்றவை பாணதீர்த்தம், கல்யாண தீர்த்தம் எனப்படுகின்றன. நீர் வீழும் இடத்திற்கு 'அருவி' என்னும் தொன்மையான சொல் தமிழில் இருந்தும், இங்குப் பெயர்கள் 'தீர்த்தம்' என்றே முடிந்தன. வீழ்ச்சியன்று, நீராட்டே பெயருக்கு அடிப்படையாயிற்று என்பது இதனால் விளங்கும். சிவன் – உமை திருமணக்கோலத்தை அகத்தியர் இங்கே கண்டார் என்பது தலபுராண மரபு. சித்திரை விசுத் திருவிழாவில் அக்காட்சி இன்றும் நிகழ்த்தப்படுகிறது. ஆடி அமாவாசைக்கு மக்கள் திரள்கின்றனர். தீர்த்தத்தின் காலக்கணக்கு ஆண்டில் சில நாட்களையே சார்ந்தது. அந்நாட்களில் நீர் ஓடினால் போதும்.

'நீர்வீழ்ச்சி' என்னும் தொடர்ச்சொல் பிற்காலத்தது. பெரும்பாலும் ஆங்கில வழி வந்த மொழிபெயர்ப்பு. பாடநூலும் சுற்றுலாத்துறையும் இதனைப் பரப்பின. ஊர்ப்பேச்சில் 'அகத்தியர் அருவி' என்பதே வழக்காக நிற்பது, பழஞ்சொல் அழியவில்லை என்பதைக் காட்டுகிறது.

அண்டையிலுள்ள குற்றாலத்தோடு ஒப்பிட்டு நோக்கினால் ஒன்று புலனாகும். குற்றால அருவிகள் தென்மேற்குப் பருவக்காற்றை நம்பியவை. மழை நின்றால் மெலிபவை. அதனால் அவ்வூர் குறவஞ்சிக்கும் சாரலுக்கும், பின்னர் 'சீசன்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கும் உரியதாயிற்று. பாபநாசத்தில் நீர் ஆண்டு முழுவதும் ஓடியது. இருபருவ மழையும் பெறும் மலையே இதற்குக் காரணம். மில் தேடிவந்த இடம் பாபநாசமாக இருந்ததும் குற்றாலமாக இல்லாததும் தற்செயலன்று.

கால்களின் பெயர்கள்

மில்லுக்குப் பல நூற்றாண்டு முன்பே இவ்வாற்று நீர் பங்கிடப்பட்டுவிட்டது. தாமிரபரணியின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. மேலிருந்து கீழாக அவை கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், திருவைகுண்டம் என்பன. இவற்றுள் கடைசியாகிய திருவைகுண்டம் மட்டும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கில அரசு கட்டியது. ஏனைய ஏழும் அதற்கு முற்பட்டவை. இந்த அணைகளிலிருந்து பிரியும் கால்கள் பதினொன்று. அவற்றின் பாசனப் பரப்பு 86,107 ஏக்கர் என்பது அரசுக் கணக்கு.

'அணைக்கட்டு' என்னும் தமிழ்ச்சொல்லைச் சென்னை மாகாணப் பொதுப்பணித்துறைப் பொறியாளர்கள் 'அனிகட்' என்று ஆங்கிலத்தில் எடுத்துக்கொண்டனர் என்பது அகராதிகள் அறிந்த செய்தி. தென்னாட்டுப் பாசனத் தொழில்நுட்பத்தைக் கற்க வந்தவர் அதன் பெயரையும் கற்றுச் சென்றனர். மில்லுக்கு இதற்கு நேர்மாறாக நிகழ்ந்தது; அது பின்னர்க் காணப்படும்.

'கால்' என்னும் சொல் உறுப்பையும் காற்றையும் நாலில் ஒன்றையும் நீர்வழியையும் குறிக்கும். 'கால்வாய்', 'வாய்க்கால்' என ஒரே இரு சொற்கள் முன்பின்னாக மாறி நின்று இரு தொடர்களாவது தமிழில் அருகிய நிகழ்வு. இன்றைய எழுத்துவழக்கில் கால்வாய் பெரியது, வாய்க்கால் சிறியது. நெல்லைப் பகுதியிலோ தனிச்சொல்லாகிய 'கால்' ஊறுபடாமல் வாழ்கிறது: வடகால், தென்கால், மேலக்கால், கீழக்கால். தலைமதகு, மதகின் கண், கால், வாய், கடைமடை என, நீரமைப்பு முழுவதும் ஓர் உடலாகவே சொல்லில் உருவம் பெற்றுள்ளது. 'கடை'க்குச் செல்லும் நீரே உழவரின் கவலைக்குரியது. தலைமடைக்காரர் கடைமடைக்காரர் என்னும் பகுப்பு நிலத்தின் பகுப்பு மட்டுமன்று, மனிதரின் பகுப்புமாகும்.

முதல் மூன்று அணைகளின் பெயர்கள் தனித்து ஆராயத்தக்கன. 'நதியுண்ணி' என்பதில் உண் என்னும் வினையடியோடு இகர விகுதி சேர்ந்து வினைமுதற் பொருள் தருகிறது. ஆட்கொல்லி, மண்ணுண்ணி போன்றவற்றோடு ஒப்பிடத்தக்க அமைப்பு இது. ஆற்றையே உண்டுவிடுவது என்று ஒரு காலுக்குப் பெயரிட்டவர், அதனைப் புகழ்ந்தாரா, கீழ்மடையில் நின்று குறைகூறினாரா என்பது சொல்லில் தெளிவாகவில்லை. பெயர் மட்டும் நிலைத்தது. 'கோடைமேலழகியான்' என்பதைக் கோடையிலும் அழகு குன்றாதவன் எனப் பொருள்கொள்வாரும் உளர்; மேலழகியான் என்னும் ஆட்பெயரின் அடியாகக் கொள்வதும் இயலும். முன்னதே உழவர் மனத்திற்கு உவப்பானது. கோடையிலும் நீர் தரும் கால் என்னும் பெருமை அதில் ஒலிக்கிறது.

கன்னடியன், கோடகன், அழகியான் என்னும் பெயர்கள் ஆண்பால் ஈறு பெற்றிருப்பதும் நோக்கத்தக்கது. ஆறு தாய்; கால் ஆண்மகன். ஆயினும் மருதூரிலும் திருவைகுண்டத்திலும் கால்கள் திசைப்பெயரால் மட்டுமே வழங்குகின்றன. மலையடிவாரத்துக் கால்களுக்குக் கிடைத்த ஆளுருவம் கடலோரத்துக் கால்களுக்குக் கிடைக்கவில்லை.

கன்னடியன் காலைப் பற்றிய கதை இப்பகுதியில் பலவாறு வழங்குகிறது. நோயுற்ற கன்னட அரசன் ஒருவன், பொம்மை ஒன்று செய்து பொன்னும் மணியும் நிரப்பி, நோயை அதில் இறக்கித் தானம் கொடுத்தான். அதனைப் பெற்ற அந்தணர் பெற்ற பொருளை அறச்செயலில் இட வழிதேடி அகத்தியரைக் காணப் பொதியத்திற்கு வந்தார். கால்வாய் வெட்டுமாறு பணிக்கப்பட்டார். எவ்வழியில் வெட்டுவது என்பதற்கு ஒரு பசு வழிகாட்டிற்று. அது நடந்த வழியே கால். சாணமிட்ட இடத்தில் மடை. படுத்த இடத்தில் குளம். கதையின் விவரங்கள் ஊருக்கு ஊர் வேறுபடும். பசு மட்டும் மாறுவதில்லை. சேரன்மகாதேவியில் இக்காலின் கரையில் உள்ள மிளகுப் பிள்ளையாருக்கு, மழை பொய்த்த காலத்தில் மிளகை அரைத்துப் பூசி நீராட்டும் வழக்கமும் உண்டு.

இக்கதையைப் புராணம் என்று ஒதுக்கிவிடுதல் முறையன்று. மேயும் மாடு செங்குத்தாக இறங்காது. சரிவின் குறுக்கே, மட்டம் அதிகம் குறையாத வழியைத் தேடி நடக்கும். பாசனக்கால் வெட்டுவோனுக்கும் வேண்டுவது அதுவே. ஆறு தன் உயரத்தை விரைவில் இழக்கிறது. கால் அவ்வுயரத்தை இயன்றவரை காத்துக்கொண்டு மெல்ல இறங்குகிறது. இரண்டுக்கும் இடையே விரியும் நிலமே வயல். மட்டம் பார்க்கும் கருவி பற்றிய அறிவு, பசுவின் கதையாக நினைவில் வைக்கப்பட்டுள்ளது எனலாம். மில்லின் தேவை இதற்கு முற்றிலும் மாறானது என்பதால் இதனை விரித்துக் கூற நேர்ந்தது.

காலின் காலக்கணக்கு இரண்டு பெயர்களில் அடங்கும்: கார், பிசானம். தென்மேற்குப் பருவத்தில் மலையில் பெய்து ஜூன் மாதத்தில் ஆற்றில் பெருகும் நீரால் விளைவது கார். வடகிழக்குப் பருவத்தைச் சார்ந்து விளைவது பிசானம். நெல்லின் அளவு கோட்டை. நிலத்தையும் 'இத்தனைக் கோட்டை விரைப்பாடு' என விதையளவாலேயே சொல்வர். நாளோ மணியோ இக்கணக்கில் பெரிதன்று. நீர் பற்றாத காலத்தில் மடைக்கு மடை மாறிமாறி விடும் 'முறை' ஒன்றே நேரத்தை அளந்து பங்கிட்டது.

மில் என்னும் சொல்

ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஆண்ட்ரூ ஹார்வி, பிராங்க் ஹார்வி என்னும் உடன்பிறந்தார் 1883இல் தூத்துக்குடியில் தம் நிறுவனத்தைத் தொடங்கினர். அவர்களின் திருநெல்வேலி மில் 1885இல் பாபநாசத்தில் நூல் நூற்கத் தலைப்பட்டது. இடத் தெரிவு வியப்பளிப்பது. உலக வாணிகத்தில் 'டின்னவெல்லி' என்றே பெயர் பெற்ற பருத்தி விளைவது கோவில்பட்டி முதலிய கரிசல் நிலத்தில்; பாபநாசத்திலன்று. துறைமுகம் தூத்துக்குடியில். 1876இல் வந்த இருப்புப்பாதை திருநெல்வேலியோடு நின்றது. அது கல்லிடைக்குறிச்சி வழியாகச் செங்கோட்டைக்கு நீண்டது 1902–03இல்தான். ஆகவே ஏறத்தாழ பதினேழு ஆண்டுகள், பஞ்சுப்பொதிகள் வண்டியில் மேற்கே மலையடிவாரம் வரை சென்று, நூலாகி, மீண்டும் வண்டியில் கிழக்கே திரும்பின. பருத்தியும் சந்தையும் துறைமுகமும் கிழக்கே இருக்க, மில் மேற்கே சென்றதற்கு ஒரே காரணம் அருவியின் விசை. நிலக்கரியைக் கடல்வழி இறக்கி நீராவிப் பொறியை ஓட்டுவதைவிடப் பஞ்சை மலையடிக்கு இழுத்துச் செல்வது ஊதியமாகத் தோன்றியது.

இதில் புதுமை ஏதுமில்லை. ஆர்க்ரைட் 1769இல் காப்புரிமை பெற்ற நூற்புப்பொறி நீரால் ஓடியதாலேயே நீர்ப்பெயர் பெற்றது. ஸ்காட்லாந்தில் கிளைடு ஆற்றின் அருவிகளை அடுத்து 1786இல் எழுந்த நியூ லனார்க், நூற்பாலையால் உருவான அருவியூர்களுள் புகழ்மிக்கது. கர்நாடகத்தில் கடப்பிரபா ஆற்றின் கோகாக் அருவியிலும் பாபநாசத்தில் நிகழ்ந்த அதே பத்தாண்டில் நூற்பாலை எழுந்தது.

ஆங்கிலத்தில் 'மில்' என்பது முதலில் தானியம் அரைக்கும் பொறி. அதனை நீர்ச்சக்கரம் சுழற்றியது. அதே சக்கரத்தால் நூற்புப்பொறியை ஓட்டத் தொடங்கியபோது பஞ்சாலையும் 'மில்' எனப்பட்டது. நீராவி வந்து நீர்ச்சக்கரம் மறைந்த பின்னும் பெயர் நின்றது. தமிழ்நாட்டிற்கு இச்சொல் வந்தபோது அது பெரும்பாலும் புகைபோக்கியோடு வந்தது. நீரோடு, அதாவது தன் பழம்பொருளோடு, வந்து இறங்கிய அரிய இடங்களுள் பாபநாசம் ஒன்று.

தமிழில் இதற்கு ஈடாக நிறுவப்பட்ட 'ஆலை'யும் இத்தகைய வரலாறு உடையதே. பழந்தமிழில் ஆலை கரும்பு பிழியும் பொறி. அரைத்தலிலிருந்து ஆங்கிலச் சொல்லும் பிழிதலிலிருந்து தமிழ்ச் சொல்லும் வந்து, நூற்றலில் ஒன்றாயின. எனினும் 'பஞ்சாலை' என்பது இதழ்களிலும் சட்டத்திலும் நிலைபெற்றதேயன்றி, வேலைக்குச் செல்வோர் வாயில் 'மில்லு' என்பதை அசைக்கவில்லை. அணைக்கட்டு தமிழிலிருந்து ஆங்கிலத்திற்குச் சென்றது. மில் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வந்தது. எவர் எதனைக் கட்டினார் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான சான்று இல்லை.

பாசனக்காரரோடு மில் முரண்படாமல் வாழ முடிந்ததா என்னும் வினா இயல்பாக எழும். மேலே கூறியதுபோல் கால் உயரத்தைக் காக்கிறது. மில்லோ உயரத்தை ஓரிடத்தில் ஒருசேரச் செலவிடுகிறது. நீரின் அளவும் அது விழும் உயரமும் பெருகியே விசை பிறக்கிறது. பொறியைச் சுழற்றிவிட்டு வெளியேறும் நீரில் ஒரு மரக்காலும் குறைவதில்லை. உயரம் ஒன்றே குறைகிறது. முதல் அணையாகிய கோடைமேலழகியானுக்கும் மேலே, எந்தக் காலும் பிரியாத இடத்தில் மில் அமைந்ததால், அருவியின் உயரம் உழவர் எவருக்கும் பயன்படாததாக இருந்தது. தீர்த்தத்திற்கு வேண்டியது நீரின் தூய்மை. காலுக்கு வேண்டியது அளவு. மில்லுக்கு வேண்டியது வீழ்ச்சி. ஒரே ஆற்றின் மூன்று பண்புகளை மூவர் எடுத்துக்கொண்டனர். நில அமைப்பு வாய்ப்பாக இருந்ததே இந்த இணக்கத்திற்குக் காரணம். பொறுமையோ பெருந்தன்மையோ அன்று.

சங்கும் சம்பளமும்

நீரில் இணக்கம் இருந்தது, நேரத்தில் இல்லை. மில் ஊர்களிலெல்லாம் ஆலையின் ஊதொலிக்குச் 'சங்கு' என்றே பெயர். கோயிலில் ஒலித்த சொல் ஆலைக்குச் சென்றது. ஊதுவது என்னும் செயலொப்புமையே இதற்கு அடிப்படை. பாசனத்தில் வழங்கிய 'முறை' மட்டும் மில்லுக்குள் செல்லவில்லை. ஆள் மாறிமாறி வேலை செய்யும் ஏற்பாட்டை அச்சொல்லாலேயே குறித்திருக்கலாம். பிற்கால எழுத்துத் தமிழ் 'பணிமுறை' என்று அவ்வாறே குறித்தது. தொழிலாளரோ 'ஷிப்டு' என்றனர். தாம் பங்குபெற்று வகுத்துக்கொண்ட நேரத்திற்கு ஒரு சொல், தம்மீது சுமத்தப்பட்ட நேரத்திற்கு வேறொரு சொல் என்று இதனை விளக்குவது மிகையாகாது எனினும், பொறியோடு சேர்ந்து வந்த சொற்கள் அப்படியே தங்கிவிடுவதும் இயல்பே. பாபின், கோன், ஜாபர் போன்றவை அவ்வாறு தங்கியவை.

களத்தில் கூலி நெல்லாக அளக்கப்பட்டது. மில்லில் அது காசாயிற்று, பெயரும் சம்பளமாயிற்று. சம்பு என்னும் நெல்லும் அளம் என்னும் உப்பும் சேர்ந்ததே சம்பளம் என்னும் விளக்கம் மேடைகளில் பெருவழக்கு. வழிநடைக்குரிய கட்டுணவைக் குறிக்கும் வடமொழி 'சம்பல' என்பதன் அடியாகக் கொள்ளுதலே பொருத்தம். நெல்லே கூலியாக இருந்த களத்தில் அதற்குக் கூலி என்று பெயரிருக்க, நெல் மறைந்த இடத்தில் நெல்லின் பெயரால் ஒரு சொற்பிறப்பைத் தேடுவது மக்கள் மனத்தின் இயல்பு போலும்.

ஊரின் பெயரும் மாற்றத்திற்குத் தப்பவில்லை. விக்கிரமசிங்கபுரம் தமிழ்ப் புலமை வரலாற்றில் சிறு ஊரன்று. சிவஞான மாபாடியமும் தொல்காப்பிய முதற்சூத்திர விருத்தியும் இயற்றி 1785இல் மறைந்த சிவஞான முனிவர் பிறந்த ஊர் இது. உலகம்மையைப் பாடிய நமச்சிவாயக் கவிராயரும் இவ்வூரினரே. புலவர்கள் ஊரைச் 'சிங்கை' என்று சுருக்கினர். கோயம்புத்தூர் கோவை ஆனதும் திருநெல்வேலி நெல்லை ஆனதும் போன்ற மரூஉ மரபு அது. இன்று பேருந்துப் பலகையும் ஊர்ப்பேச்சும் 'வி.கே.புரம்' என்கின்றன. முன்னது ஒலியியைபு நோக்கிய தமிழ்ச் சுருக்கம். பின்னது ஆங்கில முதலெழுத்துச் சுருக்கம். ஊர் ஒன்றுதான். சிங்கை என்றால் இன்று சிங்கப்பூரை நினைப்பவரே மிகுதி.

ஹார்வி நிறுவனம் 1880களின் இறுதியில் தூத்துக்குடியில் கோரல் மில்லையும் மதுரையில் மதுரை மில்லையும் தொடங்கியது. 1908 பிப்ரவரி 27இல் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர், வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்றனர். கூலி, வேலைநேரம், வார விடுமுறை ஆகியனவே வழக்கு. நிறுவனம் இறங்கி வந்தது. சில நாட்களுக்குள், மார்ச் 12இல், இருவரும் கைதாயினர். நிகழ்விடம் தூத்துக்குடி எனினும், ஒரே நிருவாகத்தின்கீழ் இருந்த பாபநாசத்தின் வரலாற்றிலிருந்து இதனைப் பிரித்தல் இயலாது. அங்கே வழக்கான வேலைநேரம், இங்கே சங்கொலியாக நாள்தோறும் கேட்டது.

ஓட்டம்

1938இல் பாபநாசம் நீர்மின் திட்டப் பணி தொடங்கியது. உலகப்போருக்கு இடையே 1944இல் மின்னாக்கம் நிகழ்ந்தது. சென்னை மாகாணத்தில் பைக்காரா, மேட்டூர் ஆகியவற்றை அடுத்து வந்த திட்டம் இது. மேலே காரையாற்றில் 143 அடி நீர் தேக்கும் அணை எழுந்தது. அதன் கொள்ளளவு 5,500 மில்லியன் கனஅடி. நெல்லை, மதுரை, இராமநாதபுரப் பகுதிகளுக்கு மின்சாரம் கம்பியில் சென்றது.

மில்லின் வரலாற்றில் இது தலைகீழ்த் திருப்பம். பஞ்சு இனி அருவியைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை. அருவி கம்பியேறிப் பஞ்சைத் தேடிச் சென்றது. தூத்துக்குடி மில்லும் மதுரை மில்லும் பொதியத்து நீரின் விசையைப் பெறலாயின. பாபநாசம் மில் அருவிக்கு அருகே இருப்பதற்குரிய காரணம் அன்றோடு தீர்ந்தது. ஆயினும் அதற்குள் ஊர் வளர்ந்து, தலைமுறைகள் வேர்விட்டு, மில் இருப்பதற்கு ஊரே காரணமாகிவிட்டது. ஹார்வியின் மூன்று மில்களும் மதுரை மில்ஸ் என்னும் ஒரே நிறுவனத்தின்கீழ் வந்து, 1974இல் அது மதுரா கோட்ஸ் ஆயிற்று. விக்கிரமசிங்கபுரம் நகராட்சியாக உயர்ந்தது.

இக்காலத்துச் சொற்களுள் 'கரண்டு' ஒன்றைக் குறிப்பிட வேண்டும். ஆங்கிலத்தில் அச்சொல் முதலில் ஆற்றின் ஓட்டத்தைக் குறித்தது. மின்சாரத்தை ஒரு நீர்மம்போலக் கருதியவர்கள் அதற்கும் அப்பெயரையே இட்டனர். தமிழ் அறிவியல் எழுத்து 'மின்னோட்டம்' என்று அதே உருவகத்தைத் தொடர்ந்தது. பாபநாசத்தில் அது உருவகமே அன்று. ஆற்றின் ஓட்டமே கம்பியின் ஓட்டமாயிற்று.

அணையால் பாசனக்காரர் பெற்றதும் உண்டு, இழந்ததும் உண்டு. கடலுக்குச் சென்ற வெள்ளம் தேங்கி நின்று பிசானத்திற்கு உதவியது. 1958 அளவில் மணிமுத்தாறு அணையும், 1980களில் சேர்வலாறு அணையும் சேர்ந்தன. ஆயினும் நீர் எப்போது வரும் என்பதை அறிவிப்பது இப்போது மலையன்று. மின்தேவை மணிக்கு மணி மாறுவது. பயிரின் தேவை வாரக்கணக்கில் மாறுவது. இவ்விரண்டையும் ஒரே மதகு நிறைவேற்ற வேண்டியதாயிற்று. முன்பு ஆறு பெருகும் ஒலியைக் கேட்டு நாற்று விட்டவர், பின்னர் 'அணை இருப்பு எத்தனை அடி' என்று கேட்கலானார். 'அடி' என்னும் அளவைச்சொல் நெல்லை உழவரின் பேச்சில் மழைக்கு நிகரான பொருள் பெற்றது இவ்வாறுதான். நாளிதழ்கள் நாள்தோறும் அதனை அச்சிடுகின்றன. மேலே அணைகள் அமைந்த பின் அருவியில் விழும் நீரும் மழையை மட்டும் சார்ந்ததாக இல்லை. தீர்த்தமும் ஒருவகையில் மதகுக்குக் கட்டுப்பட்டது.

மில்லும் மின்னிலையமும் எடுத்த நீர் ஆற்றுக்கே திரும்பியது. ஆற்றின் மறுகோடியில் 1970களில் வந்த ஏற்பாடு அவ்வாறன்று. திருவைகுண்டத்திலிருந்து தூத்துக்குடித் தொழிற்சாலைகளுக்கு நாளொன்றுக்கு 20 மில்லியன் காலன் நீர் கொண்டுசெல்லும் திட்டம், எடுத்த நீரைத் திருப்பித் தருவதில்லை. 'இருபது எம்.ஜி.டி.' என்னும் எழுத்துச் சுருக்கம் அப்பகுதி உழவர் வாயில் வழக்குச்சொல்லாகவே ஆகிவிட்டது. வழக்குமன்றம் வரை சென்ற சொல் அது. தலைமடையில் 1885இல் எழாத பூசல் கடைமடையில் எழுந்ததற்குக் காரணத்தைத் தொழிலின் தன்மையில் தேடுவதைவிட இடத்தின் தன்மையில் தேடுவதே தகும். பாபநாசத்தில் எல்லாக் கால்களுக்கும் மேலே நீர் எடுக்கப்பட்டு அவற்றுக்கு மேலேயே விடப்பட்டது. திருவைகுண்டத்தில் எடுக்கப்படும் நீருக்குத் திரும்ப இடமில்லை.

நீர் இருப்புப் போதிய ஆண்டுகளில் ஜூன் தொடக்கத்தில் கார் சாகுபடிக்குப் பாபநாசம் அணை திறக்கப்படுகிறது. தாமிரபரணிக் கால்களின் பெயர்கள் மேலிருந்து கீழாக இவ்வாறு வரிசைப்படும்: தெற்குக் கோடைமேலழகியான், வடக்குக் கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், கோடகன், பாளையங்கால்வாய், திருநெல்வேலிக் கால்வாய், மருதூர் மேலக்கால், கீழக்கால், திருவைகுண்டம் வடகால், தென்கால். அணையும் மின்னிலையமும் அவற்றுக்குரிய சொற்களும் மாறிய பின்னும், இந்த வரிசையில் ஒரு பெயரும் இடம் மாறவில்லை.